முகப்பும் வாயிலும்: மும்பைத் தாஜ்மகால் விடுதிக் கட்டடமும் அது பற்றிய பழமரபுக்கதைகளும்

முன்னுரை

கட்டடக்கலை குறித்த தமிழாய்வுகள் பெரிதும் கோயிலையும் அதற்கு அடுத்த நிலையில் அரண்மனையையும் மையமாகக் கொண்டு வளர்ந்தவை. வணிகத்தின் பொருட்டு எழுந்த கட்டடங்கள் அவ்வாய்வுகளில் இடம்பெறுவது அரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பெருநகரங்களில் வங்கிகளும் கப்பல் நிறுவனங்களும் புத்தகக் கடைகளும் விடுதிகளும் பெருங்கட்டடங்களாக எழுந்தன. அவற்றைப் பொறியியலார் தம் துறைக்குரியன என்றும், வரலாற்றாசிரியர் காலனிய ஆட்சியின் எச்சங்கள் என்றும் கொண்டனர். அவற்றைச் சுற்றி மக்கள் கட்டிவைத்த கதைகளை எவரும் தமக்குரியனவாகக் கொள்ளவில்லை.

இப்புறக்கணிப்பின் விளைவு சிறிதன்று. சென்னை அண்ணா சாலையில் 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, அது பழுதுற்ற சொத்தா, நகரத்தின் மரபுச் செல்வமா என்னும் வினா எழுந்தது. அவ்வினாவுக்கு நீதிமன்றமே விடை காண வேண்டியதாயிற்று. 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினால் அக்கட்டடம் இடிபடாமல் தப்பியது. வணிகக் கட்டடத்தைப் படிக்கும் முறையை நாம் உருவாக்கிக்கொள்ளாதவரை இத்தகைய வினாக்கள் நீதிமன்றத்தில் மட்டுமே விடை பெறும்.

இக்கட்டுரை மும்பை அப்பல்லோ பந்தரில் 1903-இல் திறக்கப்பட்ட தாஜ்மகால் விடுதியை ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது. அக்கட்டடத்தைப் பற்றி வழங்கும் இரு கதைகளையும் கட்டடத்தின் அமைப்பையும் ஒருசேர வைத்து நோக்குகிறது. கதைகள் யாரை நினைவில் வைக்கின்றன, யாரை மறக்கச் செய்கின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

கதைகள் இரண்டு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், மான்குர்த் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், அவர்களை அழைத்துச் சென்று காட்டும் இடங்களுள் இந்தியாவின் நுழைவாயிலும் அதன் எதிரே நிற்கும் தாஜ் விடுதியும் தவறாமல் இடம்பெறும். உள்ளே செல்வோர் மிகச் சிலர். வெளியே நின்று பார்ப்போரே பலர். அவ்வாறு பார்ப்போரிடம் சுற்றுலா வழிகாட்டிகளும், முன்பே பார்த்தவர்களும், பயண நூல்களும் சொல்லும் கதைகள் இரண்டு.

முதற்கதை விடுதியின் தோற்றம் பற்றியது. தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி நுசர்வான்ஜி டாடா ஒருமுறை வாட்சன் விடுதிக்குச் சென்றார். ஐரோப்பியருக்கு மட்டுமே அங்கு இடம் என்று கூறி அவரை உள்ளே விட மறுத்தனர். அவ்வவமதிப்பைப் பொறாத அவர், அதனினும் பெரிய விடுதியைக் கட்டி எழுப்பினார் என்பது அக்கதை.

இரண்டாங்கதை கட்டடத்தின் திசை பற்றியது. வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடத்தை அளித்துவிட்டுத் தம் நாட்டுக்குச் சென்றார். இங்கிருந்தோர் வரைபடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, கடலை நோக்க வேண்டிய கட்டடத்தை நகரத்தை நோக்கி முன்பின்னாகக் கட்டிவிட்டனர். கப்பலில் திரும்பிவந்த கலைஞர் தம் படைப்பு தலைகீழாய்ப் போனது கண்டு மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது அது. கலைஞர் ஆங்கிலேயர் என்று சிலரும் பிரெஞ்சுக்காரர் என்று சிலரும் கூறுவர். அவர் மேலிருந்து குதித்தார் என்னும் வடிவமும் உண்டு. நாடும் இறந்த முறையும் மாறினாலும் கதையின் எலும்புக்கூடு மாறுவதில்லை.

இவ்விரண்டும் பழமரபுக்கதைக்குரிய இயல்புகளைப் பெற்றுள்ளன. உண்மை நிகழ்ச்சி என்ற நம்பிக்கையோடு சொல்லப்படுகின்றன. கண்முன் நிற்கும் ஓரிடத்தைச் சான்றாகக் காட்டுகின்றன. கேட்போர் அவ்விடத்தைப் பார்த்துத் தலையசைக்கும்போது கதை நிறைவடைகிறது.

ஆவணம் கூறுவன

ஆவணங்களால் அறியக்கூடிய செய்திகள் கதைகளிலிருந்து பெரிதும் வேறுபடுகின்றன. விடுதியின் வரைவை உருவாக்கியவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி. என். மிர்சா என்னும் இந்தியர் இருவர். அரசு அளித்த ராவ்சாகிப் என்னும் பட்டத்துடன் வைத்யா குறிக்கப்பெறுகிறார். 1900-இல், பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் இறந்தார். பின்னர் டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் பொறுப்பேற்றுப் பணியை முடித்தார். கட்டுமான ஒப்பந்தக்காரர் கான்சாகிப் சொராப்ஜி ரத்தன்ஜி. மைய மண்டபத்தில் தாங்குதூணின்றி நீளும் படிக்கட்டின் வடிவமைப்பும் அவருடையது என்பர். விடுதி 1903 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டது. ஜாம்ஷெட்ஜி அடுத்த ஆண்டு மே மாதத்தில் செர்மனியில் காலமானார்.

ஆக, இறந்த கலைஞர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் வெளிநாட்டவர் அல்லர். கட்டடம் முடிவுறுமுன்னரே இறந்தவர். முடிந்த கட்டடத்தைக் கண்டு மனம் உடையும் வாய்ப்பே அவருக்குக் கிட்டவில்லை. வெளிநாட்டவர் ஒருவரும் உண்டு. அவர் பிழைகண்டு மாய்ந்தவரல்லர், பணியை முடித்துவைத்தவர். கதை இவ்விருவரையும் ஓருருவாக இணைத்து, அவ்வுருவுக்கு வெளிநாட்டவரின் நாட்டையும் இந்தியரின் இறப்பையும் அளித்துள்ளது எனக் கருத இடமுண்டு. இவ்விணைப்பில் மறைந்துபோனது வைத்யாவின் பெயர்.

முதற்கதையும் ஐயத்திற்குரியதே. தொழிலும் கல்வியும் பற்றிய பெருந்திட்டங்களில் ஈடுபட்டிருந்த ஒருவர் பழிவாங்கும் நோக்கில் விடுதி கட்டினார் என்பதை ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை. பம்பாய்க்குத் தகுதியான விடுதி ஒன்று வேண்டும் என்று டைம்ஸ் ஆப் இந்தியா இதழின் ஆசிரியர் வற்புறுத்தியதை அவர்கள் சுட்டுவர். 1896-இல் தொடங்கிய கொள்ளைநோயால் நகரம் நிலைகுலைந்திருந்த காலம் அது. அக்காலத்தில் நகரத்தின்மேல் நம்பிக்கை வைத்து முதலீடு செய்தமை என்னும் விளக்கம், அவமதிப்புக் கதையைவிட வணிகரின் இயல்புக்குப் பொருந்துவதாக உள்ளது.

ஊர்விட்டு ஊர் பெயரும் கதை

திசை மாறிய கட்டடம் பற்றிய கதை மும்பைக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1901-இல் திறக்கப்பட்ட கெல்வின்குரோவ் கலைக்கூடம் பற்றியும் இதே கதை வழங்குகிறது. அக்கட்டடமும் முன்பின்னாகக் கட்டப்பட்டதாம். அதன் கலைஞரும் கோபுரத்திலிருந்து குதித்து இறந்தாராம். உண்மையில் அதன் தலைவாயில் பூங்காவை நோக்கி அமைய வேண்டும் என்பதே தொடக்கத்திலிருந்து இருந்த திட்டம். பிற்காலத்து மக்கள் பெருஞ்சாலைப் பக்கமாகவே அதனை அணுகியதால், அப்பக்கத்தை முன்புறம் என்று கொண்டனர். இரண்டாண்டு இடைவெளியில் திறக்கப்பட்ட இரு கட்டடங்களுக்கு ஒரே கதை வாய்த்தமை, இது நிகழ்ச்சியின் பதிவன்று, இடத்திற்கேற்ப ஒட்டிக்கொள்ளும் கதைவடிவம் என்பதைக் காட்டுகிறது.

கலைஞரின் சாவு என்னும் கதைக்கூறு இந்திய மரபிலும் ஆழ வேரூன்றியது. கொனாரக் சூரியன் கோயிலின் முடிக்கல்லை நிறுவிய பன்னிரண்டு வயதுத் தர்மபதன், தந்தையின் பெயரைக் காக்க உயிர்விட்டதாக ஒடிசாவில் கதை உண்டு. கேரளத்தின் பெருந்தச்சன் கதையில் தந்தையின் உளி விழுந்து மகன் இறக்கிறான். ஆக்ராவின் தாஜ்மகாலைக் கட்டியோரின் கைகள் வெட்டப்பட்டன என்பது சான்றில்லாதபோதும் எங்கும் பரவியுள்ள கதை. பெரும் படைப்புக்கு ஈடாக உயிரோ உறுப்போ தரப்பட்டிருக்க வேண்டும் என்று மக்கள் மனம் கருதுகிறது. மும்பை விடுதி அப்பெயரையே தாங்கி நிற்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கொனாரக்கிலும் கேரளத்திலும் இறப்பவன் திறனில் மிக்கவன். அவனுடைய திறனே சாவுக்குக் காரணமாகிறது. மும்பைக் கதையில் கலைஞரின் சாவுக்குக் காரணம் பிறர் செய்த பிழை. அப்பிழையைச் செய்தவர்கள் இந்நாட்டவர். வரைபடம் சரியானது, அதைப் படித்தவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதே கதை உணர்த்தும் பொருள். அறிவு கப்பலில் வந்தது, அறியாமை கரையில் இருந்தது என்னும் காலனியக் கருத்து, இரக்கத்திற்குரிய ஒரு சாவின் மறைவில் நம் வாயாலேயே சொல்லப்பட்டு வருகிறது. இக்கதையை வேடிக்கை என்று ஒதுக்க இயலாமைக்குக் காரணம் இதுவே.

கடல்கடந்து வந்த வரைபடம் என்னும் செய்தி உண்மையில் பொருந்துவது வேறொரு கட்டடத்திற்கு என்பதும் கவனிக்கத்தக்கது. முதற்கதையில் பகைப்பாத்திரமாக வரும் வாட்சன் விடுதியே அது. 1860-களின் இறுதியில் எழுந்த அதன் இரும்புச் சட்டகம் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டு இங்கே பொருத்தப்பட்டது. இன்று எஸ்பிளனேடு மாளிகை எனப்படும் அதன் குடியிருப்போர், கட்டடம் பாழடைந்த நிலையில் 2019-இல் வெளியேற்றப்பட்டனர்.

கட்டடம் கூறும் சான்று

கதையை மறுக்க ஆவணம் மட்டுமே உள்ளது எனின், கதையை நம்புவோர் அதனை எளிதில் ஏற்கமாட்டார். கட்டடமே சான்று கூறுகிறதா என்று காண்பது இன்றியமையாதது.

தாஜ் விடுதியின் பழைய பகுதி நீண்ட நடுவுடலும் இருபுறமும் பின்னோக்கி நீளும் சிறகுகளும் கொண்டது. மூன்று பக்கம் கட்டடமும் ஒரு பக்கம் திறப்புமாக, நடுவில் முற்றம் அமைந்தது. திறந்த பக்கம் மேற்கே, நகரத்தை நோக்கியது. நீண்ட உடல் கிழக்கே, துறைமுகத்தை நோக்கியது. நடுவில் பெருங்கவிகை உயர்கிறது. மூலைகளில் உருண்ட கோபுரங்களும் அவற்றின்மேல் சிறு கவிகைகளும் உள்ளன. பெருங்கவிகையின் கீழே படிக்கட்டு மாடிதோறும் ஏறிச் செல்கிறது.

இவ்வமைப்பை வைத்யா எங்கிருந்து பெற்றார் என்ற வினாவுக்கு விடை தொலைவில் இல்லை. பிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வடிவமைத்து, 1878-இல் பணி தொடங்கப்பெற்ற விக்டோரியா தொடருந்து முனையத்தில் ஸ்டீவன்சுக்கு உதவிப் பொறியாளராகப் பணிபுரிந்தவர் வைத்யா. 2004-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கட்டடமும் இதே இலக்கணம் உடையது. அதன் தலைமையகப் பகுதி மூன்று பக்கம் சூழ்ந்து நடுவே முற்றம் கொண்டது. முற்றம் தெருவை நோக்கித் திறந்துள்ளது. நடுவில் பெருங்கவிகை, அதன் கீழே படிக்கட்டு, மூலைகளில் கோபுரங்கள். உதவியாளராக நின்று கற்ற இலக்கணத்தை வைத்யா தாமே தலைமை ஏற்ற பணியில் கையாண்டார் என்று கொள்வது பொருத்தமுடையது.

இவ்வொப்பீடு திசை பற்றிய வினாவையும் தெளிவாக்குகிறது. விக்டோரியா முனையத்தில் முற்றம் திறந்திருக்கும் பக்கமே மக்கள் வந்து சேரும் பக்கம். அப்பள்ளியில் பயின்றவர் விடுதியின் முற்றத்தையும் மக்கள் வந்து சேரும் பக்கமாகிய நகரத்தை நோக்கியே திறந்து வைத்திருப்பார். குதிரை வண்டிகள் வந்து நிற்கவும் திரும்பவும் இடம் வேண்டும். அவ்விடத்தைத் தருவது சிறகுகளால் அணைக்கப்பட்ட முற்றம். எனவே விடுதியின் தொடக்ககால வாயில் மேற்கில் இருந்தது பிழையன்று. வடிவமைப்பின் முதற்கருத்தே அது.

காற்றும் இதற்குத் துணை நிற்கிறது. மும்பையில் பிற்பகற் கடற்காற்று மேற்கு, வடமேற்குத் திசைகளிலிருந்து வீசுவது. நகரம் ஒடுங்கிய நிலநாக்கின்மேல் அமைந்திருத்தலால், அரபிக்கடற் காற்று அதன் கிழக்குக் கரையையும் எட்டும். மேற்கே திறந்த முற்றம் அக்காற்றை ஏந்திக்கொள்ளும். முற்றம் கிழக்கே திறந்து முதுகு மேற்கே இருந்திருப்பின் அப்பயன் கிட்டியிராது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் இது சிறு செய்தியன்று.

திசையறிந்து மனை வகுத்தல் தமிழ் மரபுக்கும் நெருக்கமானது. நெடுநல்வாடை, ஞாயிற்றின் நிழல்கொண்டு திசை தேர்ந்து, கயிறிட்டு அளந்து அரசிக்கு அரண்மனை வகுத்த நூல்வல்லாரைப் பேசுகிறது. திசையைத் தேர்தலே கட்டடக் கலைஞனின் முதற்செயல் என்பதை அறிந்த மரபு, கலைஞன் ஒருவன் அதனையே தவறவிட்டான் என்றோ, பணியாட்கள் எவரும் அறியாமல் அதனை மாற்றிவிட்டனர் என்றோ கூறும் கதையை ஆராயாமல் ஏற்றல் தகாது. ஐந்தாண்டளவு நடந்த பணியில், அடித்தளம் இட்ட நாள்முதல் கவிகை ஏற்றிய நாள்வரை, கட்டடம் எத்திசை நோக்குகிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை என்பது நம்பத்தக்கதன்று.

முகப்பும் வாயிலும்

அவ்வாறெனின் கதை ஏன் நிலைபெற்றது? கேட்போர் அனைவரையும் அறியாதவர் என்று கூறிவிடுதல் ஆய்வாகாது. கதை, கண்ணால் காணும் ஒரு முரணுக்கு விடை கூறுகிறது. அம்முரண் உண்மையானது. கடலை நோக்கிய பக்கமே அழகுமிக்கதாக, கம்பீரமாக நிற்கிறது. ஆயின் தொடக்கத்தில் வாயில் அப்பக்கம் இல்லை. அழகிய பக்கத்தில் ஏன் வாயில் இல்லை என்பதே மக்களின் வினா.

இவ்வினாவுக்கு விடை காணத் தமிழில் உள்ள இரு சொற்கள் துணைபுரிகின்றன. முகப்பு என்பது கட்டடம் உலகுக்குக் காட்டும் முகம். வாயில் என்பது மனிதர் உள்ளே புகும் வழி. நம் வீடுகளில் இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் அமைவதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளப் பழகிவிட்டோம். செட்டிநாட்டு இல்லத்தில் முகப்பு எனப்படும் பகுதியின் வழியாகவே உள்ளே புகுகிறோம். கோயிலிலும் கோபுரமே வாயில், வாயிலே முகம். இப்பழக்கத்தோடு தாஜ் விடுதியை நோக்குவோர் முகப்பைக் கண்டு வாயிலைத் தேடுகின்றனர். காணாதபோது பிழை நிகழ்ந்தது என்கின்றனர்.

விடுதி என்னும் வணிகக் கட்டடத்தின் தேவையோ வேறு. அது விற்கும் பொருள்களுள் காட்சியும் ஒன்று. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களையும் நீர்ப்பரப்பையும் அறையிலிருந்தே காணலாம் என்பது விலைக்குரிய சிறப்பு. ஆகவே கட்டடத்தின் மிக நீண்ட பக்கம் கடலோரமாக நீட்டப்பட்டு, அப்பக்கத்தில் அறைகள் நிரப்பப்பட்டன. வாயிலும் வண்டிகளும் சுமைகளும் அவற்றின் ஓசையும் நகரப்பக்கத்து முற்றத்திற்கு ஒதுக்கப்பட்டன. முகப்பு கடலுக்கும் வாயில் நகரத்திற்கும் எனப் பங்கிட்டமை வணிக அறிவின் விளைவு. அதே முகப்பு, கப்பலில் வந்தடைவோர்க்குத் தொலைவிலிருந்தே விடுதியை அறிவிக்கும் விளம்பரமாகவும் பயன்பட்டது. இவ்வாறு ஒரே முகப்பு இரு தொழில் செய்தது: உள்ளிருப்போருக்குக் காட்சி தந்தது, வெளியே வருவோருக்குத் தானே காட்சியானது.

இவ்விரட்டை அமைப்பு பிற்காலத்தில் குலைந்தது. 1911-இல் ஐந்தாம் சார்ச் மன்னர் வந்திறங்கியதன் நினைவாக எழுந்த இந்தியாவின் நுழைவாயில் 1924-இல்தான் நிறைவுற்றது. விடுதி திறந்தபோது இன்று அதனோடு இணைத்தே நாம் நினைக்கும் அவ்வளைவு அங்கில்லை. ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்த அவ்வளைவும் அதனைச் சூழ்ந்த வெளியும் வந்தபின், நகர மக்கள் கூடும் இடம் விடுதியின் கிழக்கே அமைந்தது. மக்கள் நின்று பார்க்கும் பக்கமே முன்பக்கம் என்பது உறுதிப்பட்டது. பின்னர் விடுதியின் வாயிலும் கடற்பக்கத்துக்குப் பெயர்ந்தது. மேற்கு முற்றத்தில் நீச்சற்குளம் அமைந்தது. 1973-இல் அருகே உயர்ந்த கோபுரக் கட்டடம் எழுந்தது. வைத்யா வகுத்த வாயில் மறைந்தபின் அவர் கருத்தை அறியும் வழியும் மறைந்தது. கதை அவ்வெற்றிடத்தை நிரப்பியது. இந்நோக்கில், வரலாற்றுச் செய்தியாகப் பொய்யான இக்கதை, நகரம் தன் கண்ணோட்டத்தை மாற்றிக்கொண்டதற்கு உண்மையான சாட்சியாகிறது.

நினைவின் பங்கீடு

இரு கதைகளையும் இணைத்துப் பார்க்கையில் அவற்றுள் ஒரு பங்கீடு புலனாகிறது. உரிமையாளருக்குத் தன்மானம் கிடைக்கிறது. வெளிநாட்டுக் கலைஞருக்கு அவலச்சுவை கிடைக்கிறது. பெயரில்லாப் பணியாளருக்குப் பிழை கிடைக்கிறது. வைத்யாவுக்கும் மிர்சாவுக்கும் சொராப்ஜிக்கும் ஒன்றுமில்லை. முதற்கதையைத் தேசியப் பெருமிதத்தோடு சொல்லும் அதே நாவு, அடுத்த நொடியே இரண்டாங்கதையையும் சொல்கிறது. ஆங்கிலேயனுக்கு நிகராக இந்தியர் கட்டிய விடுதி என்று தொடங்கி, இந்தியருக்குச் சரியாகக் கட்டத் தெரியவில்லை என்று முடிக்கும் முரணை அது உணர்வதில்லை.

தமிழகத்திலும் இதற்கு நிகரான நிலை உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்னும் கதை நாடறிந்தது. நண்பகலுக்கு முன்னோ பின்னோ அங்கு நிற்பவர் எவரும் நிழலைக் காணலாம். ஆயினும் கதை ஓயவில்லை. அக்கோயிலின் கல்வெட்டோ வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று கட்டிய கலைஞனின் பெயரையே பொறித்துவைத்துள்ளது. நிழலை அறிந்தவர் தொகை பெரிது. பெருந்தச்சனை அறிந்தவர் தொகை சிறிது. எனினும் தஞ்சையில் கல்வெட்டு உள்ளது. தேடுவோர்க்குப் பெயர் கிட்டும். நிழற்கதையும் பெருந்தச்சனை இழிவுபடுத்துவதில்லை. மும்பைக் கதை மறதியோடு நில்லாமல் பழியையும் சேர்க்கிறது.

கட்டடத்தின்மேல் உரிமை என்பதும் இக்காலத்தில் புதுப்பொருள் பெற்றுள்ளது. 2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய பயங்கரவாதத் தாக்குதலில் அவ்விடுதியில் பலர் உயிரிழந்தனர். கவிகையின் அருகே தீ எழுந்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. அன்று அக்கட்டடம் ஒரு நிறுவனத்தின் சொத்து என்பதைக் கடந்து நகரத்தின் உடலாகவே உணரப்பட்டது. சேதமுற்ற பழைய பகுதி சீரமைக்கப்பட்டு 2010 ஆகஸ்ட் 15 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. 2017-இல் அக்கட்டடத்தின் உருவம் வணிகக் குறியீடாகப் பதிவு செய்யப்பட்டது. இந்தியாவில் ஒரு கட்டடம் இவ்வாறு பதிவு பெற்றது அதுவே முதன்முறை. உருவத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை யாருடையது என்பதைச் சட்டம் வரையறுத்துவிட்டது. அவ்வுருவை எண்ணி வரைந்தவர் யார் என்பதைப் பதிவுசெய்யும் கடமை சட்டத்தினுடையதன்று. அது கல்வியுலகின் கடமை.

நிறைவாக

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தாஜ் விடுதி முன்பின்னாகக் கட்டப்பட்டது என்னும் கதை ஆவணத்தாலும் கட்டட அமைப்பாலும் மறுக்கப்படுகிறது. நகரத்தை நோக்கிய முற்றம், விக்டோரியா முனையத்தில் வைத்யா பயின்ற இலக்கணத்தின் தொடர்ச்சியாகும். முகப்பையும் வாயிலையும் பிரித்தமைத்தது வணிகக் கட்டடத்தின் தனித்தேவை. அத்தேவை மறக்கப்பட்டபோது கதை தோன்ற இடம் ஏற்பட்டது. கதையைப் பொய்யென விலக்குவதைவிட, அது எதனை மறைக்கிறது என்று வினவுவதே பயன் தருவது.

நாட்டார் வழக்காற்றுத் துறையில் தமிழாய்வாளர் பெற்றுள்ள பயிற்சி இப்பணிக்குப் பொருத்தமானது. சிற்றூர்க் கோயில்களின் கதைகளைத் தொகுத்த அதே உழைப்பு, பெருநகரத்து வங்கிகள், விடுதிகள், அங்காடிகள் பற்றிய கதைகளுக்கும் தேவை. புலம்பெயர்ந்து மும்பையில் வாழும் தமிழர் நகரத்துக் கட்டடங்களை எவ்வாறு பார்க்கின்றனர், அவற்றைப் பற்றித் தம் மொழியில் என்ன சொல்கின்றனர் என்பது விரிவான களஆய்வுக்குரிய பொருள். கதையின் தமிழ் வடிவங்களில் பிழை செய்தவர் யாராகச் சொல்லப்படுகிறார், கலைஞர் எந்நாட்டவராகிறார் என்பவற்றை ஒப்பிட்டுக் காண்டல் வேண்டும்.

மான்குர்த்திலிருந்து துறைமுக வழித்தடத்துத் தொடருந்தில் ஏறுவோர் நகர்முனையில் இறங்கும் நிலையம், வைத்யா உதவிப் பொறியாளராக நின்று தொழில் கற்ற இடம். அங்கிருந்து தெற்கே சென்று அவர்கள் காணும் விடுதி, அவர் தலைமையேற்று வரைந்த கட்டடம். உறவினருக்கு நகரைக் காட்ட அழைத்துச் செல்வோர் இவ்விரு கட்டடங்களையும் இணைக்கும் பெயரைச் சொல்லத் தொடங்கினால், பிழையின் கதை தானே வலுவிழக்கும். அப்பெயரைப் பாடநூலிலும் ஆய்விதழிலும் வழிகாட்டி நூலிலும் தமிழில் எழுதிவைத்தல் அதற்கான முதற்பணியாகும்.